பண்டிகைச் சொற்களும் பிரெஞ்சுப் பாடமும்



தமிழ்ப் பண்டிதராகிய நாம் பிரெஞ்சு பாஷையைப் பற்றிப் பேசுவது சிலருக்கு நகைப்பாயிருக்கலாம். நம்மவர் பிள்ளைகள் சிலர் மார்க்குக்காக அதனை எடுத்து, பண்டிகைச் சொற்களை நெட்டுருப் போட்டு, பரீட்சைக்கு மறுநாளே மறக்கின்றனர். சொல்லோடு அதன் கதையையுஞ் சேர்த்தளித்தால் மறவார். ‘தூசேன்’ என்பது சகல அர்ச்சியசிஷ்டர் திருநாள், நவம்பர் 1. 1954இல் அதே தேதியில்தான் புதுச்சேரியின் நிர்வாகம் பிரெஞ்சுக்காரரிடமிருந்து இந்தியாவின் கைக்கு வந்தது. ‘கத்தோர்ஸ் ழுய்யே’ ஜூலை 14. 1789இல் பாஸ்தீல் சிறை வீழ்ந்த நாள். புதுச்சேரியில் இன்றுங் கொண்டாடுகின்றனர்.

பதினைந்து வயதுச் சிறுவனொருவனைப் பொங்கலைப் பிரெஞ்சில் விவரிக்கச் சொன்னோம். அரிசிக்கு ‘ரி’, பாலுக்கு ‘லே’, சூரியனுக்கு ‘சொலேய்’ எனத் தானே தேடிக்கொணர்ந்தான். பொங்குதற்கு ‘தெபொர்தே’ என்பதைக் கண்டுவைத்து, “ஐயா, இதில் வழிவது இருக்கிறது, குலவை இல்லையே!” என்றான்.