தொழில் முதனிலை எட்டும் உணவுப் பாதுகாப்பும்



இலக்கணக் கோட்பாட்டால் அன்றாட வாழ்வுக்கு என்ன பயன் என்று மாணவர்கள் வினவுவதுண்டு. அதற்கான விடையை இன்று சமையற்கூடத்தில் தேடுவோம்.

1957இல் நோம் சோம்ஸ்கியின் முதல் நூல் வெளிவந்தபின் மொழியியலார் நாட்டம் பெரிதும் தொடரின் அமைப்பின்மேல் சென்றது. 1968இல் சார்ல்ஸ் ஃபில்மோர் வேறொரு வினாவை எழுப்பினார். எழுவாய், செயப்படுபொருள் என்னும் வடிவங்களுக்கு அடியில், ஒவ்வொரு பெயரும் வினையோடு கொள்ளும் உறவு யாது என்பதே அது. 'தம்பி கத்தியால் மீனை வெட்டினான்', 'இக்கத்தி மீனை நன்கு வெட்டும்' என்னும் தொடர்களை நோக்குவோம். இரண்டாவதில் கத்தி எழுவாயாக நின்றாலும் அதன் பங்கு கருவியே.

இவ்வுறவுகளைத் தொல்காப்பியர் வேற்றுமை மயங்கியலில் எட்டாக வகுத்துத் தொழில் முதனிலை என்றார். வினை, செய்வோன், செயப்படுபொருள், இடம், காலம், கருவி, இன்னார்க்கு என்பது, இன்ன பயனுக்கு என்பது ஆகியன அவை. அடுத்த நூற்பாவிலேயே, வழக்கில் இவற்றுட் சில குறைந்து வருதலும் உண்டு என்கிறார்.

எப்போது குறையலாம்? கேட்போர் முன்னரே அறிந்திருக்கும்போது குறையலாம். 'சோறு வடித்தாயிற்றா?' என்று தாய் மகளிடம் கேட்கையில் இடமும் கருவியும் சொல்ல வேண்டியதில்லை. அறிவிப்புப் பலகையைப் படிக்கும் பணியாளரோ அதை எழுதியவரைக் கண்டதில்லை. நோய் தரும் நுண்ணுயிரிகள் கண்ணுக்குத் தெரிவதில்லை. பல வேளைகளில் உணவின் மணமும் சுவையும் மாறுவதுமில்லை. இங்கே சொல்லாமல் விட்டதை ஊகித்தறிய வழியில்லை.

'உணவு பாதுகாப்பாகக் கையாளப்பட வேண்டும்' என்னும் தொடரில் இலக்கணப் பிழை இல்லை. ஆயினும் வினையும் செயப்படுபொருளுமே அதில் உள்ளன. யார், எங்கே, எப்போது, எதனால் என்பன இல்லை. ஆகவே படித்தவர் செய்வதற்கு அதில் ஒன்றுமில்லை.

காலத்தை எடுத்துக்கொள்வோம். 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையுள்ள வெப்பநிலையில் நுண்ணுயிரிகள் விரைந்து பெருகுகின்றன. சமைத்த உணவை அறை வெப்பநிலையில் 2 மணி நேரத்துக்குமேல் வைக்கலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. சோற்றில் பெருகும் பேசில்லஸ் சீரியஸ் உண்டாக்கும் ஒருவகை நச்சு, மீண்டும் சூடாக்கினாலும் அழிவதில்லை. காலையில் பொதிந்த சோற்றை நண்பகலில் உண்ணும் தொழிலாளிக்குக் காலம் குறிக்கப்படாத அறிவிப்பால் யாதொரு பயனுமில்லை.

கருவிக்கும் இடத்துக்கும் வருவோம். 2009இல் சிங்கப்பூர், கேலாங் சிராயில் இந்திய ரோஜாக் உண்டோருள் 150 பேருக்கு மேற்பட்டோர் நோயுற்றனர், இருவர் உயிரிழந்தனர். கடலுணவில் காணப்படும் விப்ரியோ நுண்ணுயிரி, பச்சைப் பொருளிலிருந்து உண்ணத்தக்க உணவுக்குத் தொற்றியதே காரணம் எனக் கண்டறியப்பட்டது. இத்தகைய தொற்று கத்தி, பலகை, கை ஆகியவற்றின் வழியே பரவுகிறது. 'எதனால்', 'எதன்மேல்' என்னும் இரண்டு வினாக்களில் உயிர்கள் அடங்கியிருக்கின்றன.

வினையும் எண்ணித் தெரிவு செய்யவேண்டியதே. 'கோழியைச் சமைத்தேன், உள்ளே வேகவில்லை' என்பதில் முரண் இல்லை. சமைத்தல் செய்வோனின் செயல். வேதல் பொருளின் நிலை. நுண்ணுயிரியை அழிப்பது நம் செயலன்று, உணவின் உட்பகுதி 70 டிகிரியை எட்டும் அந்நிலையே. இவ்வேறுபாட்டுக்குத் தமிழில் தனித்தனிச் சொற்கள் உள்ளன. இருந்தும் 'நன்கு சமைக்கவும்' என்று எழுதி அமைகிறோம்.

முன்சொன்ன தொடரை இனி இவ்வாறு எழுதலாம்: 'பச்சை மீன் நறுக்கிய கத்தியாலும் பலகையிலும் வெந்த உணவை நறுக்காதீர். கோழியை உள்ளே சிவப்பு நீங்கி முழுதும் வேகும்வரை அடுப்பில் வையுங்கள். சோற்றைச் சமைத்த 2 மணி நேரத்துக்குள் உண்ணுங்கள். இல்லையேல் உடனே குளிர்பெட்டியில் வையுங்கள்.' சொற்கள் மிகுந்தன, ஐயம் குறைந்தது.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் உள்ள ஓர் அறிவிப்பை மாணவர்களிடம் கொடுங்கள். எட்டில் எவை உள்ளன, எவை இல்லை, இல்லாதவற்றுள் எது இன்றியமையாதது என்று கேளுங்கள். வேற்றுமை உருபுகளை மனனம் செய்த மாணவர், அவ்வுருபுகள் எதைக் காக்க வல்லவை என்பதை அன்று உணர்வர்.