பழைய மோட்டாருக்கு ஏற்ற காயில்

பழைய மோட்டார் வண்டியைப் பேணுவது முதியவர் ஒருவரைப் பேணுவது போன்றது. உயர்ந்த மருந்து என்று பெயர் பெற்றதெல்லாம் அவருக்கு ஒத்துக்கொள்வதில்லை. அவர் உடலுக்கு எது இசைகிறதோ அதுவே அவருக்கு மருந்து. இந்த உண்மையை எனக்குக் கற்பித்தது ஒரு சிறிய உறுப்பு. மெக்கானிக்குகள் அதனைக் 'காயில்' என்பார்கள்.

2014ஆம் ஆண்டோடு உற்பத்தி நின்றுபோன அம்பாஸடர் வண்டிகளில் ஒன்றை என் தந்தையார் எனக்கு விட்டுச் சென்றார். அதன் காயில் ஒரு சமயம் பழுதாயிற்று. கடைக்காரர் ஒருவர், "இது மிகுந்த சக்தி உள்ளது, ஐயா, வண்டி பறக்கும்" என்று கூறிப் புதியது ஒன்றைக் கொடுத்தார். நானும் மகிழ்ந்து அதனைப் பூட்டினேன். இரண்டு வாரம் சென்றது. குடும்பத்தோடு திண்டிவனத்தைத் தாண்டிப் போகையில், இரவு பத்து மணிக்கு எஞ்சின் நின்றுவிட்டது. டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்தேன். பாயிண்டுகள் கரிந்து கிடந்தன. காயிலோ கை வைக்க இயலாதபடி கொதித்தது. குழந்தைகளோடு விடியும்வரை சாலையோரத்தில் காத்திருந்தோம். குற்றம் காயிலுடையது அன்று. பொருத்தம் பாராமல் பூட்டிய என்னுடையதே.

காயிலின் தொழில்தான் என்ன? ஓர் இரும்புத் தண்டின்மேல் இரண்டு சுற்றுகள் இருக்கின்றன. முதற்சுற்று தடித்த கம்பியால் ஆனது. சில நூறு சுருள்களே உடையது. இரண்டாம் சுற்று மெல்லிய கம்பியால் பல்லாயிரம் சுருள்களாக அமைந்தது. பாட்டரியின் மின்சாரம் பாயிண்ட் வழியாக முதற்சுற்றில் ஓடிக் காந்தப் புலத்தை உண்டாக்குகிறது. பாயிண்ட் திறந்தவுடன் அப்புலம் சரிகிறது. அந்தக் கணத்தில் இரண்டாம் சுற்றில் பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேலும் அழுத்தம் எழுந்து, பிளக்கில் பொறி தெறிக்கிறது. நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிஷத்திற்கு 3000 முறை சுழன்றால், வினாடிக்கு 100 பொறிகள் வேண்டும். அமெரிக்கப் பொறியியலார் சார்ல்ஸ் கெட்டரிங் வகுத்த முறை இது. 1912ஆம் ஆண்டின் காடிலாக் வண்டிகளில் இடம் பெற்றது.

இனி, காயில் வாங்குமுன் அறிய வேண்டியவற்றைக் கூறுகிறேன். முதலாவது, வண்டியின் பாட்டரி 6 வோல்ட்டா, 12 வோல்ட்டா என்பது. மிகப் பழைய வண்டிகள் பலவற்றில் 6 வோல்ட்டே உண்டு.

இரண்டாவதே தலையாயது: முதற்சுற்றின் மின்தடை. பாயிண்ட் உள்ள 12 வோல்ட் வண்டிகளுக்குரிய சாதாரணக் காயிலின் தடை ஏறத்தாழ 3 ஓம். 12ஐ 3ஆல் வகுத்தால் 4 ஆம்பியர். பாயிண்ட் அதனைத் தாங்கும். வேறு சில வண்டிகளில் 1.5 ஓம் காயிலும், அதனோடு தொடராக 'பலாஸ்ட்' என்னும் தனித் தடையும் இருக்கும். ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் பலாஸ்ட் விலக்கப்பட்டு, தளர்ந்திருக்கும் பாட்டரியின் முழு வலுவும் காயிலுக்குக் கிடைக்கும். பலாஸ்ட் இல்லாத வண்டியில் 1.5 ஓம் காயிலைப் பூட்டினால் மின்னோட்டம் 8 ஆம்பியர்வரை ஏறும். என் பாயிண்டுகள் கரிந்தது இதனால்தான். மாறாக, பலாஸ்ட் உள்ள வண்டியில் 3 ஓம் காயிலைப் பூட்டினால் பொறி நலிந்துவிடும்.

பலாஸ்ட் சில வண்டிகளில் கம்பித் தொகுதிக்குள்ளேயே மறைந்திருக்கும். சாவியைத் திருப்பி, பாயிண்ட் மூடியிருக்கும் நிலையில், சாவிப் பக்கத்து முனையில் வோல்ட்டை அளந்து பாருங்கள். பாட்டரியின் அளவே ஏறத்தாழ வந்தால் பலாஸ்ட் இல்லை. வெகுவாகக் குறைந்தால் உண்டு. சோதனை முடிந்ததும் சாவியை அணைத்துவிடுங்கள்; இல்லையேல் காயில் வீணே சூடேறும்.

மூன்றாவது, மின்னணுக் கருவிக்கென்று செய்யப்பட்ட காயில்கள் 1 ஓமுக்கும் குறைந்த தடை உடையவை. பாயிண்ட் உள்ள வண்டிக்கு அவை ஆகா.

நான்காவது, முனைகளின் திசை. பழைய ஆங்கில வண்டிகள் பலவற்றில் பாட்டரியின் நேர்முனையே உடலோடு இணைந்திருக்கும். அங்கே காயிலின் கூட்டல் குறியிட்ட முனை டிஸ்ட்ரிபியூட்டருக்குச் செல்ல வேண்டும். எதிர்முனை உடலோடு இணைந்த வண்டியில் கழித்தல் குறியிட்டது செல்ல வேண்டும். மாறிப் போனாலும் வண்டி ஓடும். ஆயினும் பொறி எழ மிகுந்த அழுத்தம் தேவைப்படும்.

சக்தி மிகுந்த காயில் எஞ்சினின் குதிரைத் திறனைக் கூட்டும் என்பது வெறும் மயக்கம். பிளக்கின் இடைவெளி எவ்வளவு அழுத்தத்தைக் கேட்கிறதோ, அந்த அளவில் பொறி பாய்ந்துவிடுகிறது. நலமுள்ள எஞ்சினுக்கு அதற்கு மேல் கொடுப்பதால் பயனில்லை. மேலும், பொறி நலிந்தால் உடனே காயிலைப் பழிக்க வேண்டாம். கண்டென்சர், பாயிண்ட் இடைவெளி, கம்பி முனைகள் இவற்றை முதலில் பாருங்கள்.

என் தந்தையாரின் வண்டியில் இப்போது இருப்பது 3 ஓம் அளவுள்ள மிகச் சாதாரணக் காயில். வண்டி பறக்கவில்லை, ஆனால் வழியில் எங்களை விட்டுவிடவும் இல்லை.