மழைக்காலக் காய்ச்சலும் மதலையர் உயிரும்
(சங்கக் கூட்டத்திற் பேசியது)



ஐப்பசி பிறந்து மழை வீழ்ந்ததும் ஊருணிகள் நிரம்பக் கண்டு மகிழ்கின்றோம்; உடன் குழந்தைகட்குக் காய்ச்சல் வரவுங் காண்கின்றோம். யாம் மருத்துவரல்லேம், தமிழ் கற்பிப்பவரே. எனினும் அறிஞர் ஆய்ந்து கண்டதை எடுத்துரைத்தல் ஆசிரியர்க்குங் கடனாம்.

நோய்க்கு ஒரு பெயர் கிடைத்ததும் நம் மனம் அமைந்துவிடுகின்றது. சோதனையில் டெங்கு என்று வரின் வேறொன்றும் இல்லையென இருந்துவிடுகின்றோம். ஆனால் டெங்குவும், ஸ்கிரப் டைபஸ் என்னும் உண்ணிக் காய்ச்சலும் ஒரு குழந்தையின் உடம்பில் ஒருங்கே குடிபுகுதலும் உண்டு. முன்னது நன்னீரிற் பிறந்து பகலிற் கடிக்கும் ஏடிஸ் கொசுவால் வருவது; பின்னது புதரில் வாழுஞ் சிற்றுண்ணியின் இளம்புழுவால் வருவது. தலைவலி, உடல்வலி இரண்டிற்கும் பொது. குருதித் தட்டுகளும் இரண்டிலுங் குறையலாம். ஆதலின் ஒன்று மற்றொன்றை மறைக்கின்றது.

இதனால் வருங் கேடு யாது? டெங்குக் கிருமியைக் கொல்லும் மருந்து இன்றுவரை வழக்கில் இல்லை. நீரளித்துக் காத்தலே முறை. உண்ணிக் காய்ச்சலுக்கோ டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் என்னும் மருந்துகள் உள. காலத்திற் கொடுப்பின் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளிற் காய்ச்சல் தணியும்; தாழ்ப்பின் நுரையீரலும் மூளையுந் தாக்குறும். மருந்தில்லா நோயினின்று காத்த குழந்தையை மருந்துள்ள நோய்க்குப் பறிகொடுத்தல் தகுமோ?

ஆச்சிமார் மூன்று கருதுக. காய்ச்சலுற்ற குழந்தையின் அக்குள், தொடையிடுக்கு, காதின் பின்புறம் ஆகியவற்றில் வலியற்ற கரும்பொருக்கு உளதோ எனப் பாருங்கள். அஃது இன்மையால் உண்ணிக் காய்ச்சல் இல்லையென்று துணியற்க. டெங்கு என்ற காய்ச்சல் ஒரு வாரங் கடந்தும் நீங்காதாயின் மருத்துவரிடம் மீண்டுஞ் சென்று, வேறு நோயும் உண்டோவெனக் கேளுங்கள். காய்ச்சல் தணிதலையே நலமென்று நம்பற்க. டெங்குவில் மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாள் வரை, காய்ச்சல் இறங்கும் வேளையே இடர்மிக்கது. ஓயா வாந்தி, வயிற்றுவலி, குருதிக்கசிவு, சோர்வு, கைகால் சில்லிடல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்க. ஆஸ்பிரின் கொடாதீர்.

2017ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் டெங்கு கண்டோர் 23,000க்கு மேற்பட்டோர் என்பது அரசின் கணக்கு. நம் வீடுகள் பல ஆண்டிற் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கின்றன. முற்றத்து அண்டாவில் நின்ற நீரிற் பத்து நாளிற் கொசு பிறக்கும். அதன் முட்டை, நீர் வற்றினும் பல திங்கள் உயிர்த்திருக்கும். பூட்டு மனிதர்க்கே தடை, கொசுவுக்கன்று. அது கடிப்பது அடுத்த வீட்டு ஏழைக் குழந்தையையுமாம். ஆதலின் வெளியூரில் வாழ்வோர், வாரந்தோறும் நீரைக் கொட்டி, கலத்தைத் தேய்த்துக் கவிழ்த்து, கொல்லைப் புதரைக் களையுமாறு வீடு காப்போர்க்கு இன்றே எழுதுவாராக.