அண்மையிலுள்ள கல்லூரி

(திருவண்ணாமலை இரமணாசிரமப் பகுதியில் நம் சங்கத்தார் கூட்டிய மாணவர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

   

நம்மூர்க் கல்லூரிக் கல்வியைப்பற்றிச் சில கூறுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தனர். பள்ளியில் தமிழ் கற்பித்து வாழும் எமக்கு இஃது உவப்பான பணியே.

நாம் கூடியிருக்கும் இவ்விடத்திற்கும் கல்லூரிக் கட்டணத்திற்கும் பழந்தொடர்பு ஒன்றுண்டு. 1896-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், மதுரையிற் பயின்ற பதினாறு வயது வேங்கடராமன், தமையனார் தம் கல்லூரிக்குச் செலுத்துமாறு பணித்த ஐந்து ரூபாயில் மூன்றை வழிச்செலவிற்கு எடுத்துக்கொண்டார். எஞ்சிய இரண்டையும், கட்டணம் இன்னும் கட்டப்படவில்லை என்னும் குறிப்பையும் வைத்துவிட்டு அண்ணாமலைக்குப் புறப்பட்டார். அவரே இரமண மகரிஷி. அவர்தம் துறவைப் போற்றும் நாம், கட்டப்படாத அக்கட்டணத்தையும் சற்றே எண்ணுதல் வேண்டும். துறவுள்ளம் வாய்த்தார்க்குக் கல்லூரி வேண்டாதாகலாம். குடும்பந் தாங்கப் பிறந்த நம் மக்களுக்கோ கல்வியன்றி வேறு பற்றுக்கோடு இல்லை. அவர்கள் கல்லூரி வாயிலினின்று திரும்புவதும் பலகால் இத்தகைய சிறுதொகை இன்மையாலேயே ஆம்.

முன்னாளில் பட்டம்பெற விழைந்த இவ்வூரார் வேலூர், சிதம்பரம், சென்னை முதலிய இடங்கட்குச் செல்ல வேண்டியிருந்தது. விடுதிச் செலவு தாங்கியவர் சிலரே. 1966-ஆம் ஆண்டில் இங்கு அரசினர் கலைக் கல்லூரி தோன்றிற்று. இன்று அது கலைஞர் கருணாநிதி அரசு கலைக் கல்லூரி என்னும் பெயரோடு செங்கம் சாலையில் விளங்குகின்றது. வேலூர்த் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தது. அரசு கலைக் கல்லூரிகளில் பட்ட வகுப்பிற்குக் கற்பிப்புக் கட்டணம் இல்லை. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை பயின்று உயர்கல்வியிற் சேரும் பெண்களுக்கு 2022 முதல் புதுமைப்பெண் திட்டத்தாலும், ஆண்களுக்கு 2024 முதல் தமிழ்ப்புதல்வன் திட்டத்தாலும் திங்கள்தோறும் 1,000 ரூபாய் கிடைக்கின்றது.

இருந்தும், 'உள்ளூர்க் கல்லூரிதானே!' என்று இகழ்வார் பலர். அப்பிழையை யாமே செய்துள்ளோம். எம்மிடம் பயின்ற ஓர் ஏழை மாணவனை, 'சென்னைக்கு அனுப்புங்கள்' என்று அவன் தந்தையார்க்கு யாமே கூறினோம். தாயாரின் தாலிக்கொடி அடகிற்குச் சென்றது. இரண்டாம் ஆண்டில் விடுதிப்பணம் கட்ட வழியின்றி அவன் படிப்பு நின்றது. இன்று துணிக்கடையொன்றிற் சேலை மடித்து வைக்கின்றான். எம்மைக் கண்டால் இன்றும் 'ஐயா' என்று எழுந்து நிற்கின்றான். அவன் முகத்தை நோக்க எமக்கு நாணமாகின்றது.

அன்பர்களே! காலையிற் சென்று மாலையில் இல்லந் திரும்பும் கல்லூரி இருக்க, பெண்மக்களை வெளியூர்க்கு அனுப்ப அஞ்சுகின்றோம் என்னும் சொல்லுக்கு இடமேது? பன்னிரண்டாம் வகுப்பு முடிந்தவுடன் வரன் தேடும் பெற்றோரே, மூன்றாண்டு பொறுமின்!

மாணவர்களே! தமிழ்வழியிற் பயின்று வந்தவர்க்கு முதலாண்டில் ஆங்கிலம் மலையெனத் தோன்றும். அதற்கு அஞ்சிப் படிப்பை விடாதீர். நாள்தோறும் சிறிது கற்பின் அம்மலை மடுவாகும்.

சங்கத்தார்க்கு எம் விண்ணப்பம் மூன்று. தேர்வுக் கட்டணத்திற்கும் நூல்கட்கும் சிறுநிதி ஒன்று அமைத்தல். இணையவழி விண்ணப்பம் நிரப்ப அறியாதார்க்குச் சேர்க்கைக் காலத்தில் உதவுதல். ஓய்வுபெற்ற நம் ஆசிரியர்களைக்கொண்டு ஞாயிறுதோறும் ஆங்கிலம் கற்பித்தல். அந்நிதிக்கு எம் ஒரு திங்கள் ஊதியத்தை இவ்வவையிலேயே அளிக்கின்றோம். இஃது ஈகையன்று, அம்மாணவனுக்கு யாம் பட்ட கடன்.