ஊரின் அளவும் உழைப்பின் விலையும்
(பொழிவின் எழுத்து வடிவம்)



கோடியக்கரை சோழநாட்டுக் கடற்கரையின் கோடி. வடக்கிருந்து நெடுகிலும் இறங்கிவரும் கரை இங்கேதான் மேற்கே திரும்புகின்றது. ஒருபால் கடல், ஒருபால் காடு, இடையே வெண்மை போர்த்த உப்பளங்கள். தமிழகத்தில் தூத்துக்குடிக்கு அடுத்தபடியாக உப்பு மிகுதியாக விளைவது திருமறைக்காட்டு (வேதாரணியம்) வட்டாரத்திலேதான். கண் கூசும் வெயிலில், உவர்நீரில் கால் வெடிக்க நின்று உப்பை வாரிக் குவிக்கும் கைகளைச் சோம்பற் கைகள் என்று எவரும் சொல்லார். ஆயினும் அதே கைகள் சென்னைக்கோ திருப்பூருக்கோ சென்று ஒரு பட்டறையில் அமர்ந்துவிட்டால், கூடுதலான கூலி பெறுகின்றன. ஆளும் அவரே, உழைப்பும் அதுவே, ஊர் மாறிற்று, கூலியும் மாறிற்று! இதன் கரணியம் யாது?

நகரத்தான் அறிவாளி, நாட்டுப்புறத்தான் அறிவிலி என்பார் கூற்று வெறும் செருக்கு. உண்மைக் கரணியம் வேறு. வேலைப் பிரிவினை எத்துணை நுட்பமாகும் என்பது சந்தையின் பரப்பைப் பொறுத்தது என்று ஆதம் சுமித்து 1776-இல் விளக்கினார். ஒரே தொழிலார் ஓரிடத்தில் செறிவதால் விளையும் நலங்கள் மூன்று என்று ஆல்பிரடு மார்சல் 1890-இல் வகுத்துக் காட்டினார்.

முதலாவது, ஆளுக்கேற்ற வேலையும் வேலைக்கேற்ற ஆளும் எளிதில் ஒன்றையொன்று கண்டுகொள்ளுதல். சிற்றூரில் ஒரு முதலாளி கைவிட்டால் தொழிலாளிக்கு வேறு வாயில் இல்லை. நகரில் அடுத்த தெருவிலேயே உண்டு. இரண்டாவது, துணைத்தொழில்கள் பெருகுதல். உப்பளத்தில் நீரிறைக்கும் எந்திரம் பழுதுபட்டால், உதிரி உறுப்புக்கும் கம்மியர்க்கும் தொலைவு சென்றாக வேண்டும். ஒருநாள் விளைச்சல் பாழ். பெருநகரில் அத்தகைய பட்டறைகள் வரிசையாக நிற்கும். மூன்றாவது, அறிவு பரவுதல். ஒருவர் கண்ட நுட்பத்தை அண்டையார் கண்டு, அதனினும் மேம்பட்டதைச் செய்வர்.

இது மேனாட்டார் சொல்லித் தமிழர் கற்ற பாடம் அன்று. காவிரி கடலோடு கலக்கும் புகார் நகரைச் சிலப்பதிகாரம் காட்டும் வகையைக் காண்க. மருவூர்ப்பாக்கத்தில் நெய்வோர், பொன்வினைஞர், கொல்லர், தச்சர், குயவர் யாவரும் அருகருகே வாழ்ந்தனர். வெள்ளுப்பு விற்பாரும் அவ்விடத்தே இருந்தனர். உப்பு விளைவித்தவனும், அதைக் கொள்பவனும், கலம் கட்டியவனும் ஒரே பட்டினத்தில் இருந்தமையால் அப்பட்டினம் செழித்தது.

இனி, அளவைக் காண்போர்க்கு ஒரு கணக்கு. ஒரு நகரின் மக்கள்தொகை இரட்டித்தால், அங்கே ஒருவரின் ஆக்கத்திறன் 3 முதல் 8 விழுக்காடு வரை உயர்கின்றது என்பது பொருளியல் ஆய்வாளர் பலரின் மதிப்பீடு. 2011 கணக்கெடுப்பில் வேதாரணியம் நகராட்சியின் மக்கள் ஏறத்தாழ 34 ஆயிரம். சென்னை மாநகராட்சியின் மக்கள் ஏறத்தாழ 46 இலக்கம். முன்னதை ஏழுமுறை இரட்டித்தால் பின்னதை நெருங்கும். இரட்டிப்புக்கு 3 விழுக்காடு எனக் கொண்டால் 23 விழுக்காடும், 8 எனக் கொண்டால் 71 விழுக்காடும் ஏற்றம் கிட்டும். இவ்வேற்றம் முழுவதும் நகரின் கொடையன்று. திறன்மிக்கார் முன்பே நகருக்குப் பெயர்ந்து சேர்வதும் அதனுள் அடங்கும். எனினும் எஞ்சுவது சிறிதன்று.

அங்ஙனமாயின் அனைவரும் சென்னைக்கே செல்க என்பதா முடிவு? அன்று! நகர் பெருக்கப் பெருக்க வாடகை ஏறும், வழிச்செலவு ஏறும், தண்ணீர் அரிதாகும். 2015-இல் வெள்ளத்தில் மூழ்கிய சென்னையே 2019-இல் குடிநீருக்குக் குடங்களோடு வரிசையில் நின்றது. 2004 முதல் அந்நகர் வீராணம் ஏரியின் நீரையும் குழாய்வழிப் பெற்றுக் குடிக்கின்றது. வீராணத்தை நிரப்புவது கொள்ளிடத்து நீர். அஃதாவது காவிரி நீர். கடைமடை உழவன் நீர்வரத்தை எதிர்நோக்கி நிற்க, அவன் ஆற்று நீர் இருநூறு கல்லளவைக்கு (கிலோமீட்டருக்கு) மேல் சென்று தலைநகரைத் தாங்குகின்றது. ஒரே நகரை வீங்கவிடுவதன் விலை இது.

இதற்கு மாற்று உண்டு. வில்லியம் அலோன்சோ என்னும் அறிஞர் 1973-இல் ஒரு கருத்தை முன்வைத்தார்: சிறு நகர்கள் விரைந்த போக்குவரத்தால் இணைந்திருப்பின், பெருநகரின் நலத்தை அவை கடனாகப் பெற்றுக்கொள்ளும், பெருநகரின் இடரையோ அந்த அளவுக்குச் சுமக்கா. தஞ்சை, குடந்தை, மயிலாடுதுறை, ஆரூர், நாகை ஆகியவை அத்தகைய நகர்களே. தனித்தனியே சிறியவை, தொடுத்தால் ஒரு மாலை. ஆனால் தொடுக்கும் நார் இன்னும் வலுப்பெறவில்லை. 2011-இல் அன்றைய நாகை மாவட்டத்தில் நகர்ப்புறத்தே வாழ்ந்தோர் கால்பங்குக்கும் குறைவு; தமிழகம் முழுமைக்கும் அது 48 விழுக்காடு.

நெல்வயலை அழித்து நகர் சமைக்க வேண்டுவதில்லை. 2020-இல் இயற்றப்பட்ட காவிரிப் படுகை வேளாண் மண்டலச் சட்டம் செம்பு, இரும்பு உருக்கும் ஆலைகளையும் தோல் பதனிடும் ஆலைகளையும் புதிய எண்ணெய், எரிவளி அகழ்வுகளையும் விலக்குகின்றது. அது வேண்டிய வேலி. அவ்வேலிக்குள்ளேயே அரிசி, உப்பு, மீன், முல்லைப்பூ ஆகியவற்றைப் பக்குவப்படுத்தும் தொழில்கள் இருக்கும் நகர்களில் செறியலாம். கோடியக்கரையோ காடாகவும் பறவைகளின் புகலாகவும் இருத்தலே தகும். உப்பைக் கழுவித் தூய்மை செய்யும் ஆலையும், ஆய்வகமும், எந்திரப் பட்டறையும், தொழிற்பள்ளியும் திருமறைக்காட்டிலும் நாகையிலும் அமைக. திருத்துறைப்பூண்டி–அகத்தியம்பள்ளி இருப்புப்பாதை 2023-இல் அகலப்பாதையாக மீண்டும் திறக்கப்பட்டது. அவ்வழியே உப்பு மூட்டை வெளியேறினால் மட்டும் போதுமா? காலையில் தொழிலாளியும் மாணவனும் நகருக்குச் சென்று மாலையில் வீடு திரும்பவும் அது பயன்பட வேண்டும்.

அவையீர்! 1930-இல் இக்கடற்கரைக்குத் திருச்சியிலிருந்து நடந்து வந்தோர் உப்பெடுக்கும் உரிமைக்காகச் சிறை புகுந்தனர். உரிமை கிடைத்தது, உப்பும் விளைகின்றது. அதன் மதிப்பு விளையுமிடம் மட்டும் இன்னும் வேறெங்கோ இருக்கின்றது. அம்மதிப்பை விளைநிலத்தின் அருகே கொணர்வதே எஞ்சிய பணி. ஊரைவிட்டு ஓடினால்தான் வாழ்வு என்னும் நிலை மாறி, ஊரில் இருந்தே உயரலாம் என்னும் நிலை இளையோர்க்கு வாய்க்கட்டும்! அதற்கான கேள்வியை ஊர்மன்றம்தோறும், தேர்தல்தோறும் எழுப்புக!