முகூர்த்தப் பட்டும் நெய்தவர் கூலியும்

(தேசிய கைத்தறி நாளையொட்டி நமது சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஆகஸ்ட் 7, தேசிய கைத்தறி நாள். 1905-ல் தொடங்கிய சுதேசி இயக்கத்தின் நினைவாக, 2015 முதல் இது கொண்டாடப்படுகிறது. ஆடி முடிந்ததும் ஆவணி முகூர்த்தங்கள் வரிசையாக வருகின்றன. நம் பிளாக்கிலேயே இரண்டு மூன்று வீடுகளில் கல்யாண ஜவுளி எடுக்கப் போகிறார்கள். அதனால் இன்று திருபுவனம் பட்டைப் பற்றிப் பேசுகிறேன்.

கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை சாலையில் சில கிலோமீட்டரில் இருக்கிறது திருபுவனம். கம்பஹரேஸ்வரர் கோயிலுக்கு நம்மில் பலரும் போயிருப்போம். அந்த ஊர்ப் பட்டுச் சேலைக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சேலையை விசிறி மடிப்பாக மடிப்பது அந்த ஊர் வழக்கம்.

ஒரு சேலைக்குப் பின்னால் ஒருவர் மட்டும் இல்லை. பாவு ஓடுவது, புணைப்பது, தார் சுற்றுவது என்று வீடே உழைக்கும். வேலைப்பாட்டைப் பொறுத்து ஒரு சேலைக்குச் சில நாட்களும் ஆகலாம், சில வாரங்களும் ஆகலாம். கூலி பெரும்பாலும் சேலைக்கு இவ்வளவு என்றுதான். தறி நின்றால் கூலியும் நின்றுவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் குழித்தறியில் தண்ணீர் ஊறினால் நெசவு நடக்காது. மழை விட்டுக் குழி காயும் வரை அடுப்பு எரிய வேண்டுமே! அப்போது வாங்கும் முன்பணம் அடுத்தடுத்த சேலைகளின் கூலியில் கழிந்துகொண்டே போகும்.

இதே கதை வடக்கேயும் உண்டு. லடாக்கின் சாங்தாங் மேட்டுநிலத்து ஆடுகளின் மெல்லிய உள்முடிதான் பஷ்மினா. காஷ்மீரப் பெண்கள் அதைக் கை ராட்டையில் நூற்றார்கள். நைலான் கலந்து இயந்திரத்தில் நூற்ற சால்வைகள் அதே பெயரில் சந்தைக்கு வந்ததும், நூற்ற பெண்கள் பலருக்கு வேலை போயிற்று. காஷ்மீர் பஷ்மினாவுக்கு 2008-லேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. ஆனாலும் வாங்குபவர் கேட்டுப் பார்த்து வாங்கினால்தான் முத்திரைக்கு மதிப்பு.

நம் ஊரில் என்னென்ன முத்திரைகள் பார்க்கலாம்? சில்க் மார்க், பட்டு அசல் என்று சொல்லும்; தறியைப் பற்றிச் சொல்லாது. கைத்தறி முத்திரை, கையால் நெய்தது என்று சொல்லும். புவிசார் குறியீடு ஊரைச் சொல்லும். நெய்தவருக்குக் கூலி எவ்வளவு போனது என்பதை இந்த மூன்றும் சொல்லாது. அதை நாம்தான் கேட்க வேண்டும்.

நெல்லுக்கு ஆதார விலை உண்டு, நேரடிக் கொள்முதல் நிலையம் உண்டு. விவசாயிக்கு உரிய விலை கிடைக்கவில்லையென்றால் டெல்டாக்காரர்களான நாம் கொதித்துப்போகிறோம். நெசவாளிக்கு அந்தக் கொள்முதல் நிலையத்தின் இடத்தில் இருப்பது கூட்டுறவுச் சங்கம். திருபுவனத்தில் 1955-ல் தொடங்கிய திக்கோ இருக்கிறது. மாநிலம் முழுவதற்கும் 1935-ல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் இருக்கிறது. அதன் சேலைகள் சிலவற்றில் நெய்தவரின் பெயரும் படமும் உள்ள அட்டையே இருக்கும். கூட்டுறவுத் தள்ளுபடிக்கு அரசு மானியம் தருகிறது. வேறு இடத்தில் பாதி விலை என்று போர்டு வைத்தால், அந்தப் பாதி யார் தலையில் விழுகிறது என்று யோசியுங்கள்.

ஆகவே, ஜவுளி எடுக்கும்போது நான்கு கேள்விகள் கேளுங்கள்:

1. இது கைத்தறியா, விசைத்தறியா? பில்லில் எழுதித் தருவீர்களா?

2. சில்க் மார்க், கைத்தறி முத்திரை இரண்டும் இருக்கிறதா?

3. ஜரிகை அசலா? அசல் ஜரிகையைச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரியும்.

4. எந்த ஊரில், எந்தச் சங்கத்தில் நெய்தது?

கடைக்காரருக்கு முதல் நாள் சங்கடமாகத்தான் இருக்கும். பத்துப் பேர் கேட்டால் பதிலைத் தயாராக வைத்திருப்பார்.

எல்லோராலும் பெரிய விலை கொடுக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். விசைத்தறிச் சேலை வாங்குவதில் தவறே இல்லை. அதைக் கைத்தறி என்று சொல்லி விற்கும்போதுதான் நாமும் ஏமாறுகிறோம், நெசவாளியும் ஏமாறுகிறார்.

நிர்வாகக் குழுவுக்கு ஒரு வேண்டுகோள். தீபாவளிக்கு நம் கூடத்தை விற்பனைக்கு வாடகைக்கு விடுகிறோம். இந்த வருஷம் இரண்டு நாள், வாடகை வாங்காமல், ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்துக்குக் கொடுப்போம். நெசவாளர்களும் கூட வரட்டும். மாடியிலிருந்து இறங்கி வந்து, நெய்தவரிடமே கேட்டு வாங்குவோம்.