ஆண்டிறுதியும் ஒரு தாயின் கணக்கும்

கெசல்கமு ஓயாவின் கரையில் அமைந்த நோர்வூட் தோட்டப் பகுதியில் பள்ளியாண்டு முடிகின்ற நாளில், தேர்ச்சி அறிக்கை ஏந்தி வரும் பிள்ளையைக் காட்டிலும் அதிகமாகச் சிந்திப்பவள் தாயே. பெரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து, மலையேறிக் கொழுந்தெடுக்கையில் அவள் உள்ளத்தில் ஒரு கணக்கு ஓடுகிறது. மூத்த மகளை மேல்வகுப்புக்கு அனுப்புவதா, வீட்டில் நிறுத்துவதா?

அவளுடைய அம்மாயிக்கு இந்தக் கணக்கே இருந்ததில்லை. இலங்கையில் 1945ஆம் ஆண்டு இலவசக் கல்வி வந்தபோதும், தோட்டப் பள்ளிகள் தோட்ட நிருவாகங்களின் பொறுப்பிலேயே நின்றன. பெரும்பாலும் ஓர் ஆசிரியர், ஒரு கொட்டகை. ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. 1970களில் அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கிய பின்னரே வழி சற்று அகன்றது.

வழி அகன்றாலும் லயம் அகலவில்லை. பழைய லயத்துக் காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. தம்பிமார் உறங்கி, அடுப்புப் புகை அடங்கிய பின்னரே மகள் புத்தகத்தைத் திறக்க முடியும். விடுமுறையென்றால் அவளுக்கு விறகு, தண்ணீர், தம்பிமார். அதனால் தாய்க்குக் கிடைக்கும் ஆறுதல் சிறிதன்று. தயக்கத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. தந்தையோ இவ்விஷயத்தில் பெரும்பாலும் மௌனமே சாதிப்பார்!

இரவில், மகள் உறங்கிய பின், தாய் வெள்ளைச் சீருடையின் மடிப்பைப் பிரித்து, இரண்டு விரற்கடை நீளமாக்கித் தைக்கிறாள்.